வரும் பத்தாண்டுக்குப் பெயர் யாது?

பிறக்கப்போகும் குழந்தைக்கு முன்கூட்டியே பெயர் தேடி வைப்பது பெற்றோர் இயல்பு. பிறக்கப்போகும் காலத்துக்கும் அவ்வாறே பெயர் தேடும் வழக்கம் இந்நாளில் பரவியிருக்கிறது. பத்தாண்டு ஒன்று முடியும் தறுவாயில், அடுத்து வருவதை எவ்வாறு அழைக்கலாம் என்னும் பேச்சு செய்தித்தாள்களிலும் வாணிக நிலையங்களிலும் எழுந்துவிடும். 2030ஆம் ஆண்டில் தொடங்கும் பத்தாண்டுக்கும் (தசாப்தம் என்பர் ஈழத்தார்) இன்று அப்பேச்சு எழுந்துள்ளது. இது வெறும் பொழுதுபோக்கு என்று தோன்றலாம். ஆயினும், ஒரு காலத்துக்கு வைக்கப்பட்ட பெயரைத்தான் பிற்கால மாணவன் அக்காலத்தைப் பற்றி முதன்முதலில் அறிகிறான். பலர் அப்பெயருக்கு அப்பால் வேறொன்றும் அறியாமலே இருந்துவிடுகின்றனர். ஆகவே பெயரிடுவோர் யார், எப்பொழுது இடுகின்றனர், யாருடைய வாழ்வைக் கண்டு இடுகின்றனர் என்பவற்றை ஆராய்தல் தமிழாசிரியர்க்கு வேண்டற்பாலதே.

பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் இலக்கணத்தார் பிரிப்பர். 'முப்பதுகள்' என்பது ஆண்டின் எண்ணைக் குறித்து வந்த பெயர். அக்காலத்தின் இயல்பு எதனையும் அஃது உரைப்பதில்லை. அவ்வகையில் இடுகுறிக்கு அண்மையது. எண்ணோடு 'கள்' விகுதி சேர்த்துப் பத்தாண்டைக் குறிக்கும் இவ்வடிவம் ஆங்கில வழக்கைப் பார்த்துத் தமிழில் வந்தது. வந்தது எவ்வாறாயினும் இன்று நிலைத்துவிட்டது. ஆனால் இதற்குச் சில இடர்ப்பாடுகள் உண்டு. 'அவர் முப்பதுகளில் இருக்கிறார்' என்றால் அகவையைக் குறிக்கும். நூற்றாண்டைச் சேர்த்துச் சொல்லாவிடின் எந்த முப்பதுகள் என்று விளங்காது. 2000 முதல் 2009 வரையுள்ள ஆண்டுகளுக்கு இம்முறையில் பெயரே அமையவில்லை. ஆங்கிலேயர் சுழியத்தைக் குறிக்கும் சொல்லைக் கொண்டு 'நாட்டீஸ்' என்றொரு பெயரைக் கட்டினர். தமிழில் அவ்வாறான ஒன்று தோன்றவே இல்லை.

எந்த ஆண்டில் தொடங்குவது என்னும் வழக்கும் உண்டு. கிறித்துவ ஆண்டுக் கணக்கில் சுழிய ஆண்டு இல்லை. முதலாம் ஆண்டிலிருந்தே எண்ணிக்கை தொடங்குகிறது. அதனால் இருபத்தோராம் நூற்றாண்டு முறைப்படி 2001ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் பிறந்தது. அதே கணக்கில் இருநூற்று நான்காம் பத்தாண்டு 2031 முதல் 2040 வரை. ஆயின் 'முப்பதுகள்' என்று சொல்லும்போது எவரும் வரிசை எண்ணைக் கருதுவதில்லை. முப்பது என்னும் ஒலி வருகின்ற ஆண்டுகளையே கருதுகின்றனர். அவை 2030 முதல் 2039 வரை. இரண்டும் தத்தம் முறையில் சரியே என்பதால் இதனை வைத்து வழக்காடுவதில் பயனில்லை.

ஒரே பெயர் பலர்க்கு அமைந்துவிடும்போது வேறுபடுத்திக் காட்டச் சிறப்புப் பெயர் வேண்டியிருக்கிறது. இத்தேவையைச் சங்கத் தொகை நூல்களைப் பயின்றோர் நன்கறிவர். நன்மாறன் என்னும் பெயருடைய பாண்டியர் இருவர் புறநானூற்றில் இடம்பெறுகின்றனர். ஒருவன் இலவந்திகைப் பள்ளித் துஞ்சிய நன்மாறன். மற்றவன் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன். இருவரையும் பிரித்துக்காட்டுவது அவர்கள் உயிர்நீத்த இடம். அடைமொழி அவ்விருவரும் மறைந்த பின்னரே அமைந்திருக்க வேண்டுமென்பது சொல்லாமலே விளங்கும். நெடுஞ்செழியர் இருவரை அவர்தம் போர்கள் பிரித்துக் காட்டுகின்றன: ஒருவன் ஆரியப்படை கடந்தவன், மற்றவன் தலையாலங்கானத்துச் செருவென்றவன். முடிந்த செயலைக் கண்டு இட்ட பெயர்களாதலின் இவை பொய்ப்பதற்கு இடமில்லை. தமிழில் இன்னார் என்று தெளிவிக்க எழுந்த இம்முறையைக் காலத்துக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

பத்தாண்டுகளுக்கு மேனாட்டார் இட்ட புகழ்பெற்ற பெயர்கள் பலவும் இவ்வாறு பின்னர் வந்தவையே. இவற்றுள் மிகவும் கற்றுக்கொள்ளத்தக்கது 'பசித்த நாற்பதுகள்' என்பது. இங்கிலாந்தில் 1840 முதல் 1849 வரையுள்ள காலத்துக்கு இப்பெயர் வழங்குகிறது. அக்காலத்தில் வாழ்ந்தோர் இதனை வழங்கியதாகத் தெரியவில்லை. அறுபது ஆண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டில், இறக்குமதிப் பொருள்களுக்குத் தீர்வை விதிக்கவேண்டும் என்னும் இயக்கத்தை ஜோசப் சேம்பர்லின் தொடங்கினார். அதனை எதிர்த்த தடையிலா வாணிகக் கட்சியார், பழைய தானியத் தீர்வை காலத்தில் ஏழைகள் பட்ட பாட்டை நினைவூட்ட விரும்பினர். அத்தீர்வை 1846இல் ஒழிக்கப்பட்டது. அதனை ஒழிக்கப் போராடிய ரிச்சர்டு காப்டனின் மகள் ஜேன் காப்டன் அன்வின் முன்னின்று, முதியோர் பலருடைய நினைவுக் கடிதங்களைத் திரட்டி, 1904இல் நூலாக வெளிவரச் செய்தார். அந்நூலின் தலைப்பே அப்பத்தாண்டின் பெயராகிவிட்டது. பிற்காலத்தில், 1957இல், சேலனர் என்னும் வரலாற்றாசிரியர் இப்பெயரின் பிறப்பை ஆராய்ந்து இது 1904ஐ ஒட்டி எழுந்த அரசியற் சொல் என்று காட்டினார்.

இதனால் அக்காலத்தில் பசியே இல்லை என்று கொள்ளுதல் பிழையாகும். 1842ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆலைத் தொழிலாளர் பட்ட துன்பம் மெய். அதே பத்தாண்டின் இடையில் இருப்புப்பாதைக் குழுக்களில் பணம் போடும் வெறி பரவி, பல்லாயிரவர் கையில் செல்வம் புரண்டதும் மெய். ஆங்கிலேயரின் நாற்பதுகள் ஒரே நிறத்தனவாய் இருக்கவில்லை. உண்மையில் பசித்தது அயர்லாந்து. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்தபின் அங்கே ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் மடிந்தனர். ஏறத்தாழ அத்தனை பேர் கப்பலேறினர். ஐரிஷ் மொழி பேசிய மக்கள் அக்காலத்தைக் 'கெட்ட வாழ்வு' எனப் பொருள்படும் ஒரு சொல்லால் அழைத்தனர். அவர்கள் பத்தாண்டு என்று அளக்கவில்லை. நூற்றாண்டின் எத்தனையாவது பகுதி என்று எண்ணவும் இல்லை.

தமிழ் மக்களும் அவ்வாறே செய்தனர். 1876இல் தொடங்கிச் சென்னை மாகாணத்தை வாட்டிய கொடிய பஞ்சம் மூன்று தமிழாண்டுகளைத் தொட்டுச் சென்றது. மக்கள் அது தொடங்கிய ஆண்டின் பெயரை எடுத்து, அதனைத் 'தாது வருடப் பஞ்சம்' என்றனர். ஊர்ப்புறத்தில் அப்பெயரே நெடுங்காலம் நின்றது. அறுபதாண்டுச் சுழற்சியில் தாது ஆண்டு 1936இலும் 1996இலும் மீண்டும் வந்து போயிற்று. ஆயினும் 'தாது வருடம்' என்றாலே பஞ்சம் என்னும் நினைவு மறையவில்லை. சுழன்று வரும் ஆண்டுப் பெயர்களைக் கொண்டு வரலாறு எழுத இயலாது என்று அறிஞர் குறை கூறுவது முற்றிலும் சரி. ஆனால் பஞ்சத்தில் அடிபட்டவர்க்கு எந்தத் தாது என்னும் ஐயம் எழுந்ததே இல்லை.

அமெரிக்கரின் 'களிப்புமிகு தொண்ணூறுகள்' வேறொரு வகை. 1890 முதல் 1899 வரையுள்ள காலத்துக்கு இப்பெயர் 1920ஐ அடுத்த ஆண்டுகளில் பரவியது. அந்நாளைய நகைச்சுவை இதழ் ஒன்றில் பழைய உடைகளையும் மிதிவண்டிகளையும் வரைந்து காட்டிய சித்திரங்கள் அதற்குத் துணைசெய்தன. ஐரோப்பியப் போரைக் கண்டு களைத்துப் போயிருந்தவர்க்குத் தம் பெற்றோரின் காலம் களிப்பாகத் தோன்றியது இயல்பே. ஆனால் 1893இல் அந்நாட்டு வங்கிகளும் இருப்புப்பாதை நிறுவனங்களும் முறிந்து, வேலையிழந்தோர் தெருவில் திரண்டதை அப்பெயரில் காண முடியாது. இன்னொரு செய்தியும் மொழி பயில்வோர்க்குச் சுவையானது. களிப்பைக் குறித்த அந்த ஆங்கிலச் சொல் பின்னர் வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டதால் அப்பெயரைச் சொல்வோரும் இன்று குறைந்துவிட்டனர். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தமிழில் தீய மணத்தைக் குறிக்கலானதை இங்கு நினைத்துக்கொள்ளலாம். ஒரு பத்தாண்டுக்குச் சூட்டும் அடைமொழிக்கும் அத்தகைய விபத்து நேரலாம்.

எல்லாவற்றிலும் புகழ் வாய்ந்தது 'ஆர்ப்பரித்த இருபதுகள்'. ஆங்கிலத்தில் 'ரோரிங் டுவென்டீஸ்' என்பர். இதே காலத்தை 'ஜாஸ் காலம்' என்பாரும் உண்டு. அப்பெயரைத் தம் 1922ஆம் ஆண்டுச் சிறுகதைத் தொகுதியின் தலைப்பில் வைத்துப் பரப்பியவர் ஸ்காட் பிட்ஸ்ஜெரால்டு. ஒருவகை இசை முழுக் காலத்துக்கும் பெயரானதைத் தமிழிலக்கணத்தார் சினையாகுபெயர்ப் பாங்கில் அடக்கிக்கொள்வர் போலும். 1939இல் இத்தலைப்பிலேயே ஒரு திரைப்படமும் வந்து அப்பெயரை மேலும் பரப்பியது. நகரங்களில் நடனம், மின்விளக்கு, வானொலி, பங்குச் சந்தை ஏற்றம் எல்லாம் இருந்தன. அதே அமெரிக்காவில் 1920இன் பிற்பகுதியில் விளைபொருள் விலை சரிந்து, உழவர் பலர் கடனில் மூழ்கினர். அப்பத்தாண்டில் முறிந்த வங்கிகள் ஐயாயிரத்துக்கும் மேல். அவற்றுள் பெரும்பாலானவை சிற்றூர் வங்கிகள். அவ்வூர்களில் எந்த ஆர்ப்பரிப்பும் கேட்டிருக்காது.

அந்த ஆர்ப்பரிப்பின் ஓர் இழை மலாயாவரை நீண்டு கிடந்ததைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. அமெரிக்காவில் பதிவு பெற்ற பயணிகள் கார்கள் 1920இல் ஏறத்தாழ 80 இலட்சம். 1929இல் ஏறத்தாழ 2 கோடியே 30 இலட்சம். கார் ஒவ்வொன்றும் ரப்பர்ச் சக்கரங்களின்மேல் ஓடியது. அந்த ரப்பரில் பெரும்பகுதி மலாயாவில் வெட்டப்பட்ட பால். விலை வீழ்ச்சியைத் தடுக்கப் பிரிட்டிஷார் 1922 நவம்பரில் ஸ்டீவன்சன் திட்டம் என்னும் ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொணர்ந்தனர். 1925ஆம் ஆண்டின் இறுதியில் இலண்டனில் ரப்பர் விலை இராத்தலுக்கு நான்கு சில்லிங்கைக் கடந்தது. கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் ஆள் திரட்டினர். கப்பல்கள் நிறைந்து வந்தன. நியூயார்க் நகரில் ஆர்ப்பரித்தவர் ஏறிச்சென்ற வண்டிக்கும், விடியலுக்குமுன் நெற்றி விளக்கோடு நிரைக்குச் சென்ற பெண்ணுக்கும் இடையே அத்தகைய நேர்த்தொடர்பு இருந்தது. அவளுடைய இருபதுகளுக்கு யாரும் பெயர் வைக்கவில்லை.

1929இல் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தபோது முதலில் கார் விற்பனையும் பின்னர் ரப்பர் விலையும் விழுந்தன. 1932இன் இடையில் இராத்தல் ரப்பர் இரண்டு பென்சுக்கும் குறைவாக விற்றது. தோட்டங்களில் கூலி குறைக்கப்பட்டது. 1930 ஆகஸ்டில் ஆள் சேர்ப்பு நிறுத்தப்பட்டது. வேலையிழந்த பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் அரசாங்கச் செலவில் கப்பலேற்றப்பட்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பப்பட்டனர். அமெரிக்காவின் நடுநிலத்தில் வறட்சியும் புழுதிப் புயலும் வீசிய அம்முப்பதுகளை அவ்வூரார் 'புழுதி முப்பதுகள்' என்றனர். அப்பெயர் அவ்வூர்க்குப் பொருந்தும். ஆங்கிலத்தில் அஃது இயைந்து ஒலிக்கும் பெயராகவும் அமைந்தது. ஆனால் திருப்பி அனுப்பப்பட்டவர்க்கு அந்தப் புழுதியோடு என்ன தொடர்பு?

இதுவரை கண்டவை பின்னர் இட்ட பெயர்கள். முன்கூட்டி இட்ட பெயர்களின் வரலாறு இன்னும் விந்தையானது. தமிழ்ப் பஞ்சாங்கத்தில் அறுபது ஆண்டுகளுக்கும் முன்னரே பெயர் உண்டு. அவை வடமொழிப் பெயர்கள் என்பதையும் அது பற்றி நெடுங்காலமாக நடந்துவரும் வழக்கையும் இங்கே விரிக்க வேண்டியதில்லை. ஆனந்த என்னும் ஆண்டு 1914 ஏப்ரலில் பிறந்தது. நான்கு திங்களுக்குள் ஐரோப்பா முழுவதும் போர்க்களமாயிற்று. அடுத்த ஆனந்த 1974இல் வந்து போனது. இனி வருவது 2034இல், அதாவது பேசப்படுகின்ற இந்தப் பத்தாண்டின் நடுவில். அதற்கு அடுத்த ஆண்டின் பெயர் இராட்சச. 2030இல் பிறக்கும் ஆண்டோ சாதாரண! பெயரைப் பார்த்துக் காலத்தை அறியலாம் என்போர் இம்மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தல் நன்று.

ஜப்பானியர் தம் பேரரசர் ஆட்சிக்கு முன்னரே பெயர் சூட்டுவர். புலவர்களும் அறிஞர்களும் கூடி நல்ல பொருளுடைய எழுத்துகளைத் தேர்ந்தெடுப்பர். 1926 டிசம்பரில் தொடங்கிய ஆட்சிக்கு 'ஷோவா' என்று பெயர் வைத்தனர். ஒளி பொருந்திய இணக்கம் என்பது அதன் பொருள். அந்த ஒளியும் இணக்கமும் 1937இல் சீனத்தின்மேல் படையாகச் சென்றன. 1941 டிசம்பர் 8ஆம் நாள் கோத்தா பாருவில் கரையிறங்கின. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூரைக் கைப்பற்றின. சிங்கப்பூருக்கு அவர்கள் 'சியோனான்' என்று புதுப்பெயர் இட்டனர். தெற்கின் ஒளி என்று பொருள். ஷோவாவின் முதல் எழுத்தே சியோனானின் முதல் எழுத்தும் ஆகும். அப்பெயரை அரசாங்கத் தாள்களிலும் அஞ்சல் முத்திரைகளிலும் பொறித்தனர். மலாயாத் தமிழரோ அவ்வாண்டுகளை 'ஜப்பான்காரன் காலம்' என்றனர். சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அந்தச் சொல் வந்தது. சியோனான் மூன்றரை ஆண்டில் மறைந்தது. ஜப்பான்காரன் காலம் என்னும் பெயரைப் பேரப்பிள்ளைகளும் அறிவர்.

ஐக்கிய நாட்டு மன்றமும் பத்தாண்டுகளுக்கு முன்னரே பெயரிடுவதில் தேர்ந்தது. 1961 செப்டம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி அங்கு பேசுகையில் அறுபதுகளை வளர்ச்சிப் பத்தாண்டு என அறிவிக்கலாம் என்றார். அவ்வாண்டு டிசம்பரிலேயே தீர்மானம் நிறைவேறியது. பத்தாண்டின் முடிவில் வளரும் நாடுகளின் வருமானம் ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு வீதம் பெருகவேண்டும் என்பது இலக்கு. பின்னர் எழுபதுகள் இரண்டாம் வளர்ச்சிப் பத்தாண்டு. எண்பதுகள் மூன்றாம் வளர்ச்சிப் பத்தாண்டு. 1982 ஆகஸ்டில் மெக்சிகோ தன் கடனைக் கட்ட இயலாமல் கைவிரித்தது. அதன்பின் தென்னமெரிக்க நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடுமாறின. மூன்றாம் வளர்ச்சிப் பத்தாண்டு எனச் சூட்டப்பட்ட அவ்வெண்பதுகளை அந்நாட்டு மக்கள் இன்றும் 'இழந்த பத்தாண்டு' என்றே சொல்கின்றனர். மன்றத்தின் பெயர் ஏடுகளில் இருக்கிறது.

இதனால் அத்தகைய பெயர்கள் வீண் என்று ஒதுக்கிவிடலாகாது. அவை விருப்பத்தை அறிவிக்கும் பெயர்கள், வேலைத்திட்டத்தின் தலைப்புகள். எல்லார்க்கும் தூய குடிநீர் என்று 1981இல் ஒரு பத்தாண்டு தொடங்கியபோது குழாயும் கிணறும் பெற்ற ஊர்கள் பல. 1990இல் இலக்கு எட்டப்படவில்லை என்பதை அளந்து சொல்ல முடிந்ததும் அந்தப் பெயரால்தான். மலேசியாவில் 1991இல் பிரதமர் மகாதீர் முன்வைத்த 2020 தொலைநோக்கும் அத்தகையதே. அங்கு ஆண்டின் எண்ணே பெயராகிப் பள்ளிச் சிறார் வாயிலும் வழங்கியது. அந்த ஆண்டு வந்தபோது பிப்ரவரியில் மகாதீர் பதவி விலகினார். மார்ச்சு 18ஆம் நாள் நோய்த்தொற்றைத் தடுக்க நாடே வீட்டுக்குள் அடங்கியது. அதே 2020இன் தொடக்கத்தில் மேனாட்டுத் தாள்கள் சில, 'ஆர்ப்பரிக்கும் இருபதுகள்' நூறாண்டுக்குப் பின் மீண்டும் வருகின்றன என்று எழுதியிருந்தன. தெருவெல்லாம் வெறிச்சோடிய அந்த ஆண்டில் ஆர்ப்பரித்தவை மருத்துவ வண்டிகளே.

இனி வரும் பத்தாண்டுக்கு முன்மொழியப்படும் பெயர்களைக் காணலாம். செயற்கை அறிவை வைத்துப் பெயரிட வேண்டுமென்பார் பலர். கருவியைச் செய்து விற்போர் இட விரும்பும் பெயரில் பாதி விளம்பரம். 1945இல் அணுகுண்டு வெடித்தவுடன் 'அணுயுகம்' பிறந்துவிட்டதாக அறிவித்தோர், வீட்டுக்கு வீடு அணுவின் ஆற்றலால் விளக்கெரியும் என்றும் எழுதினர். பெயர் நிலைத்தது; விளக்கு பெரும்பாலும் நிலக்கரியாலும் எண்ணெயாலும் நீராலும் எரிந்தது. செயற்கை அறிவு வரும் பத்தாண்டை எவ்வாறு மாற்றும் என்பது இன்னும் நிகழாத செயல். தலையாலங்கானத்துப் போர் நடக்குமுன் செருவென்றவன் என்று பாடுவது போன்றது அது.

ஆனால் முன்கூட்டியே உறுதியாகச் சொல்லத்தக்க ஒன்றும் உண்டு. 2030ஆம் ஆண்டில் அறுபத்தைந்து வயதை எட்டுவோர் 1965இலேயே பிறந்துவிட்டனர். அவர்களை எண்ணுவதற்கு ஆரூடம் வேண்டியதில்லை. 2030இல் சிங்கப்பூர்க் குடிமக்களுள் நால்வரில் ஒருவர் அறுபத்தைந்தோ அதற்கு மேலோ வயதுடையவராய் இருப்பர் என்பது அரசாங்கக் கணிப்பு. மலேசியாவிலும் அவ்வாண்டை ஒட்டி அறுபதைக் கடந்தோர் நூற்றுக்குப் பதினைவர் என்னும் அளவை எட்டுவர் என்று சொல்லப்பட்டு வருகிறது. ஜப்பானும் கொரியாவும் ஐரோப்பிய நாடுகள் பலவும் இவ்வழியில் முன்னே சென்றுவிட்டன. தமிழ்நாடும் பின்தொடர்கிறது. இதனைக் காரணமாகக் கொண்டு 'மூப்பின் முப்பதுகள்' என்று பெயரிட்டால் அக்காரணம் பொய்க்காது. ஒலியும் பொருந்துகிறது. மூ, மு என்னும் முதலெழுத்துகள் மோனையாய் நிற்கின்றன. ஒன்று நெடிலும் ஒன்று குறிலுமாய் அளவு வேறுபடுவதால் யாப்பிலக்கணத்தார் எதுகை என்று ஒப்பார், அவ்வளவே.

இப்பெயர்க்கும் எல்லை உண்டு. ஆப்பிரிக்கக் கண்டத்து மக்களுள் சரிபாதியினர் இருபது வயதுக்கு உட்பட்டவர். நைஜீரியாவிலோ நைஜரிலோ ஓர் ஆசிரியர் மூப்பின் முப்பதுகள் என்று சொன்னால் வகுப்பிலுள்ள சிறுவர் சிரிப்பர். உலகம் முழுமைக்கும் பொருந்துகின்ற பத்தாண்டுப் பெயர் இதுவரை ஒன்றும் அமைந்ததில்லை. இனி அமையும் என்று நம்பவும் காரணமில்லை. அவரவர் இடத்துக்கு ஏற்ற பெயரே தக்கது. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் இது தக்கது என்று துணிந்து சொல்லலாம்.

இங்குள்ள தமிழர்க்கு இப்பெயரில் மற்றோர் உண்மையும் அடங்கியிருக்கிறது. 1966இல் ஓர் அமெரிக்க வார இதழ் இலண்டனைத் துள்ளும் நகரம் என்று தன் அட்டையில் போட்டது. அதிலிருந்து உலகெங்கும் 'துள்ளும் அறுபதுகள்' என்னும் பெயர் பரவியது. அப்பொழுது மலேசியத் தோட்டங்களில் வழங்கிய சொல் 'துண்டாடல்'. வெள்ளைக்காரக் குழுக்கள் தோட்டங்களை விற்றுவிட்டுச் செல்ல, வாங்கியோர் அவற்றைச் சிறு துண்டுகளாக்கி விற்றனர். வேலையும் லயத்து வீடும் ஒருங்கே போயின. அதற்கு மாற்றாகவே 1960இல் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தால் தோட்டம் வாங்கச் செய்தார். 'துண்டாடலுக்கு முன்னே', 'துண்டாடலுக்குப் பின்னே' என்று தம் வாழ்வைப் பிரித்துச் சொல்வோர்க்கு அறுபதுகள் துள்ளிய செய்தி எட்டவில்லை. 1948 முதல் 1960 வரை நடந்த போரை அரசாங்கம் 'அவசரகாலம்' என்று எழுதியது. அந்தப் பன்னீராண்டுகளை மக்கள் தத்தம் ஊரில் வேறு பெயராலும் குறித்திருக்கக்கூடும். கம்பிவேலிக்குள் குடியேற்றப்பட்டவர், சோற்றுப் பொட்டலத்தைச் சோதனைச் சாவடியில் அவிழ்த்துக் காட்டியவர் ஆகியோரைக் கேட்டால்தான் அது விளங்கும்.

ஜேன் காப்டன் அன்வின் திரட்டிய முதியோர் கடிதங்கள் ஓர் அரசியல் நோக்கத்துக்குப் பயன்பட்டன. ஆயினும் அக்கடிதங்கள் இல்லையேல் ரொட்டித் தீர்வை காலத்துக் குடிசையில் என்ன சமைத்தனர் என்பது எவருக்கும் தெரியாமற் போயிருக்கும். அறுபது ஆண்டு கழித்து அவர் கேட்டபோது பதில் எழுத ஆள் இருந்தனர். துண்டாடல் தொடங்கிய 1950களில் மணமாகித் தோட்டத்துக்கு வந்த பெண்கள் இன்று தொண்ணூறை நெருங்குகின்றனர், அல்லது கடந்துவிட்டனர். தமிழ்ப்பள்ளி மாணவர் தம் வீட்டு முதியவரிடம் மூன்று கேள்விகள் கேட்டு எழுதிவரலாம்: எந்தக் காலத்தை எந்தப் பெயரால் சொல்கிறீர்கள், அப்பெயரை முதலில் யாரிடம் கேட்டீர்கள், அது எந்த ஆண்டில் தொடங்கி எந்த ஆண்டில் முடிந்தது. மூன்றாம் கேள்விக்குப் பெரும்பாலும் ஆண்டு கிடைக்காது. 'பெரியவன் பிறந்தபோது', 'ரப்பர் ஏறியிருந்தபோது' என்றுதான் வரும். அதனை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். 1942இல் எட்டு வயதுச் சிறுவனாய் இருந்தவர்க்கு 2030இல் தொண்ணூற்றாறு வயது.